இம்போர்ட் தருவது சுருக்கப் பெயர் மட்டுமே
"ஜாவா நிரல்மொழியில் இம்போர்ட் வரி போடாவிட்டால் கம்பைலருக்கு (நிரலை மொழிபெயர்க்கும் கருவிக்கு) அந்த டைப்பே (கிளாஸ் போன்ற தரவு வகையே) தெரியாது" என்று சிலர் சொல்வது சரியில்லை. இம்போர்ட், சுருக்கமாகக் கூப்பிடும் வசதி, அவ்வளவுதான். ஒரு இம்போர்ட்கூட இல்லாத ஃபைலில் ஜாவா.யூட்டில்.லிஸ்ட் என்று முழுப்பெயரை எழுதிப் பாருங்கள், கம்பைல் ஆகும். ஜாவா 10-லிருந்து, டைப் பெயருக்குப் பதிலாக எழுதும் 'வார்' (var) என்ற சொல் வேறு இருக்கிறது. ஒரு மெத்தட் (செயல்கூறு) திருப்பித் தருவதை வார் போட்ட மாறியில் வாங்கிக்கொண்டால் டைப்பின் பெயரையே எழுத வேண்டாம்.

டைப் கண்ணில் படுமா என்பது வேறு கணக்கு: அது பப்ளிக்கா, கிளாஸ்பாத்தில் (கம்பைலர் கிளாஸ்களைத் தேடும் இடங்களில்) இருக்கிறதா, அப்புறம் ஜாவா 9-இல் வந்த மாட்யூல் முறையில் (பேக்கேஜ்களைத் தொகுத்து வைக்கும் முறை) என்றால், அந்தப் பக்கம் எக்ஸ்போர்ட்ஸும் ('வெளியே தருகிறேன்' என்ற வரி) நம் பக்கம் ரிக்வயர்ஸும் ('எனக்கு வேண்டும்' என்ற வரி) உண்டா? நம் மாட்யூலின் அறிவிப்பு ஃபைலான மாட்யூல்-இன்ஃபோவில் ஜாவா.எஸ்க்யூஎல் என்ற மாட்யூலுக்கு ரிக்வயர்ஸ் இல்லையென்றால், அதிலுள்ள கனெக்‌ஷனை எத்தனை தடவை இம்போர்ட் செய்தாலும் 'பேக்கேஜ் நாட் விசிபிள்' எரர்தான் வரும்.