வால் மட்டும் பாக்கி

(சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி ஒரு டீக்கடை. பாய்லர் பக்கம் மாஸ்டர். கழுத்தில் அடையாள அட்டையோடு ஐ.டி. தம்பி.)

மாஸ்டர்: என்ன தம்பி, ஆளையே காணோம்?

தம்பி: பெரிய வேலை அண்ணே. எங்கள் ஆப்பில் 'வெளியேறு' பட்டனில் சின்ன 'ரு' விழுந்துவிட்டது. பெரிய 'று' ஆக்க வேண்டும்.

மாஸ்டர்: அதற்கா இத்தனை நாள்?

தம்பி: மாற்றுவது ரெண்டு நிமிடம். அதற்கு முன் இன்ன வேலை என்று சிஸ்டத்தில் பதிந்து டிக்கெட் போட வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று எஸ்டிமேட் தர வேண்டும். அப்புறம் மேனேஜரின் எக்செல் ஷீட்டில் அரை மணிக்கொரு தடவை எத்தனை சதவீதம் முடிந்தது என்று எழுத வேண்டும்.

மாஸ்டர்: ஒற்றை எழுத்தில் ஏதப்பா சதவீதம்?

தம்பி: நானும் கேட்டேன். "அப்போ இவ்வளவு நேரம் சும்மாவா இருந்தாய்?" என்றார். பயந்துபோய் 80 என்று போட்டேன். மீதி 20 எங்கே என்று மீட்டிங் வைத்துவிட்டார்.

மாஸ்டர்: அதற்கு என்ன பதில்?

தம்பி: எழுத்து வந்துவிட்டது, வால் மட்டும் பாக்கி என்றேன். குறித்துக்கொண்டார்.

மாஸ்டர்: காலையில் நின்றுகொண்டே ஏதோ பேசுவீர்களாமே?

தம்பி: ஸ்டாண்டப். கால் வலிக்கும், சீக்கிரம் முடியும் என்றுதான் நிற்பது. 15 நிமிடம் கணக்கு. எங்களுக்கு ஒரு மணி நேரம் ஓடும்.

மாஸ்டர்: மேனேஜருக்குக் கால் வலிக்காதா?

தம்பி: அவர் உட்கார்ந்திருப்பார்.

மாஸ்டர்: சரி, இப்போது நீ டீக்கு வந்தது அவருக்குத் தெரியுமா?

தம்பி: தெரியாது. சிஸ்டத்தைத் தொடாமல் அஞ்சு நிமிடம் போனால் டீம்ஸ் என்ற ஆபீஸ் அரட்டை ஆப்பில் என் பெயருக்குப் பக்கத்துப் பச்சை விளக்கு மஞ்சளாகிவிடும், உடனே போன் வரும். அதனால் மவுசுக்கு அடியில் அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துவிட்டு வந்தேன். நொடி முள் ஓட ஓட, திரையில் அம்புக்குறி தானாக நகரும்.

மாஸ்டர்: அடேயப்பா! மூளைதான்.

(போன் 'டிங்' என்கிறது. தம்பி படிக்கிறார். டீ கிளாஸ் பாதியில் நிற்கிறது.)

மாஸ்டர்: என்னவாம்?

தம்பி: "உன் மவுசுக்கு அடியில் உள்ள கடிகாரம் ரெண்டு நிமிடம் மெதுவாக ஓடுகிறது. சரிசெய்."

மாஸ்டர்: அவ்வளவுதானே? நான் பயந்தே போனேன்.

தம்பி: டிக்கெட்டும் போடச் சொல்லியிருக்கிறார் அண்ணே. நாலு மணிக்குள் எஸ்டிமேட் வேண்டுமாம்.