எண்ணாமல் எழுத வேண்டாம்

பி.எஸ்சி நர்சிங்கோ ஜி.என்.எம். எனும் நர்சிங் டிப்ளமாவோ முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, முதன்முதலாக வார்டுக்குள் நுழையும் தம்பி தங்கைகளிடம் நான் வலியுறுத்திக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நீங்களே பார்க்காததையும் எண்ணாததையும் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள்.

பல வார்டுகளின் சார்ட்டைப் புரட்டினால், சுவாச எண்ணிக்கைக்கான கட்டங்களில் 20, 20, 20 என்றே வரிசையாக இருக்கும். நாடித் துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் விரலில் மாட்டும் கருவி காட்டிவிடுகிறது; மூச்சை மட்டும் படுக்கையருகே நின்று முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டியிருப்பதால், ஒருவரே பல நோயாளிகளைப் பார்க்கும் இரவு டூட்டியில் முதலில் விடுபடுவது அதுதான். ஆனால், கிருமித்தொற்று முற்றிவரும் நோயாளிக்குப் பல நேரங்களில் இரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே மூச்சின் வேகம் 24, 28 என்று ஏறத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் டாக்டரை அழைப்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்த எண்தான். எண்ணப் போவதை நோயாளியிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள்.

இன்சுலினிலும் இதே நிதானம் வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள குப்பியும் புழக்கத்தில் இருக்கின்றன. சிவப்பு மூடி சிரிஞ்சு முன்னதற்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு பின்னதற்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்தாம் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது பத்து அல்ல, 25 யூனிட். ஐயம் எழுந்தால் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்தே சீனியர் சிஸ்டரிடம் காட்டிக் கேளுங்கள். எரிந்து விழுபவர்களும் உண்டு, அவர்களிடமும் கேளுங்கள்.

ஆள் பற்றாக்குறை என்பது நிர்வாகம் தீர்க்க வேண்டிய பிரச்சினை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதனால்தான், எண்ண நேரம் கிடைக்கவில்லை என்றால் கட்டத்தை நிரப்பாமல் விடுங்கள் என்கிறேன். கற்பனையாக எழுதிய 20 அந்தப் பற்றாக்குறையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. விட்டதை இன்சார்ஜ் சிஸ்டரிடம் தெரிவித்துவிட்டு, டூட்டி மாறும்போது எந்தெந்தப் படுக்கைக்கு எண்ண முடியவில்லை என்பதை அடுத்து வருபவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.