கிட்டார் வாசிக்கத்தான் சார்

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பெயிண்ட்டைச் சுரண்டி நான் மறுபடி கலர் அடித்த பழைய டீஸ்கோ எலெக்ட்ரிக் கிட்டாரின் படங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போட்டு, மேலே 'கொலை' என்று எழுதி, கீழே சிரிப்பு பொம்மைகளோடு நடத்திய விசாரணை முழுவதையும் உட்கார்ந்து படித்தேன். குற்றவாளியைத் தவிர எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். தீர்ப்பும் வந்தாயிற்று. சரி, குற்றவாளி தரப்பிலும் யாராவது பேச வேண்டுமே. அதற்குத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒன்று. கிட்டார் என்பது வாசிப்பதற்கு. இதையே நான் கீழே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அங்கே பேசியவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. பெயிண்ட்டைப் பற்றிப் பேசினார்கள். விலையைப் பற்றிப் பேசினார்கள். பழசின் அழகு பற்றி ஒருவர் கட்டுரையே எழுதிவிட்டார். "இப்போது அதில் சத்தம் வருகிறதா?" என்று ஒரு ஆள் கேட்கவில்லை. வருகிறது சார். நன்றாகவே வருகிறது.

திருச்சி பொன்மலை வீட்டுப் பரணிலிருந்து அதை இறக்கியபோது எப்படி இருந்தது என்று முந்தைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டெல்லாம் பச்சை பிடித்து, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் துருவேறி, சுருதி சேர்க்கும் டியூனிங் கீயின் வெள்ளை பிளாஸ்டிக் விரல் பட்டாலே உதிர்ந்துகொண்டிருந்தது. வால்யூம் திருகு இருக்கும் பள்ளத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு பிக்கப்பில் ஒன்று செத்துப்போயிருந்தது. மீட்டர் வைத்தால் முள் அசையவில்லை. இதைத்தான் ஐயாக்கள் 'அப்படியே பாதுகாத்திருக்க வேண்டிய பொக்கிஷம்' என்கிறார்கள். எதைப் பாதுகாப்பது, குளவிக்கூட்டையா?

இன்னொன்றையும் அவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். நான் சுரண்டிய பெயிண்ட் கம்பெனி அடித்த பெயிண்டே இல்லை. அது சில்வர் எனாமல். ஹார்டுவேர் கடையில் டப்பாவில் விற்குமே, ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் அடிப்பார்களே, அது. எண்பதுகளின் தொடக்கத்தில் பிரஷ்ஷால் அடித்தது. பாடியில் கீறல் விழாமலிருக்கத் திருகியிருக்கும் தகட்டை, அதாவது பிக்கார்டைக்கூடக் கழற்றாமல் சுற்றி வளைத்து அடித்திருந்தார்கள். ஒரு பிரஷ் முடி பெயிண்ட்டுக்குள்ளேயே ஒட்டிக் காய்ந்து, விரலை ஓட்டினால் நெருடும். பிக்கார்டைக் கழற்றிய பிறகுதான் கீழே பழைய நிறம் தெரிந்தது. ஓரத்தில் கருமை, உள்ளே வரவரச் சிவப்பு. உள்ளங்கை அகலத்துக்கு, வெயிலே படாமல், நேற்று அடித்த மாதிரி இருந்தது. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் நான் மறுபடி அடித்தேன். அந்த இடத்தை மட்டும் தொடவே இல்லை. இன்றைக்கும் பிக்கார்டுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. அந்தப் படத்தையும் போட்டிருந்தேன். எடுத்துப் போட்டவர் அதை மட்டும் விட்டுவிட்டார். ஏனோ.

"அப்படியானால் அந்த சில்வரும் வரலாறுதானே, அதை ஏன் அழித்தாய்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே வந்த கேள்விகளில் உருப்படியானது இது ஒன்றுதான். அதனால் இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

அந்தக் கிட்டார் என் பெரியப்பாவுடையது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து அந்தப் பணிமனை பொன்மலைக்கு வந்தபோது கூடவே வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பெரியப்பாவுக்கு நாகப்பட்டினம் உறவு விட்டுப்போகவில்லை. சிங்கப்பூரிலிருந்து ரஜூலா கப்பலில் வந்து இறங்கிய ஒரு சொந்தக்காரரிடமிருந்துதான் இந்த டீஸ்கோ அவர் கைக்கு வந்தது. கார்டு பிடிக்கக் கற்றுக்கொடுத்தது பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆங்கிலோ இந்தியர் ஒருவர். பகலில் பணிமனை, ராத்திரியில் மெல்லிசைக் கச்சேரி. திருவிழா, கல்யாணம், அரசியல் கூட்டத்துக்கு முன்னால் ஆள் சேர்க்க ஒரு கச்சேரி என்று திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் அவர் வாசிக்காத மேடை குறைவு.

டிஸ்கோ காலம் வந்தது. குழு நடத்தியவருக்கு மேடையில் எல்லாம் மின்ன வேண்டும் என்று ஆசை. சட்டை சில்வர், டிரம்ஸ் சில்வர். கிட்டாரையும் விடவில்லை. பெரியப்பா வேண்டாம் என்றிருக்கிறார். "மேடைக்கு வரணுமா வேணாமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மத்தியானத்தில் அடித்துவிட்டார்கள். அதன் பிறகு என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்: "இதப் பழைய கலருக்குக் கொண்டுவரணும்டா தம்பி." சொல்லிக்கொண்டே இருந்தார். செய்யக் காசும் இல்லை, நேரமும் இல்லை, அப்புறம் ஆளும் இல்லை.

ஆக, வரலாறு என்கிறீர்களே, யாருடைய வரலாறு? அவர் விரும்பாமல் அவர் பொருளின்மேல் அடிக்கப்பட்ட பெயிண்ட்டை நான் காப்பாற்ற வேண்டும், அவர் கேட்டதைச் செய்யக்கூடாது, அப்படித்தானே?

அடுத்த குற்றச்சாட்டு: 'மதிப்பு போய்விட்டது.' இது உண்மையாகப் பொருந்துகிற கிட்டார்கள் உலகத்தில் இருக்கின்றன. 1958-லிருந்து 1960 வரை கிப்ஸன் கம்பெனி செய்த சன்பர்ஸ்ட் (ஓரம் கருத்து, நடுவே வெளிறும் நிறம்) லெஸ் பால் கிட்டார் ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கும். அதன் சிவப்புச் சாயம் வெயிலில் வெளுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக இருக்கிறது. அதன்மேல் மறுபடி பெயிண்ட் அடித்தால் விலை பாதியாகும் என்பார்கள். அப்படி ஒன்று என் கைக்கு வந்தால் சத்தியமாகத் தொடமாட்டேன். துடைக்கக்கூட யோசிப்பேன். ஆனால் டீஸ்கோ யார் வாங்கியது? காசு இல்லாதவன் வாங்கியது. அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பையன்களுக்கு மலிவு விலையில் விற்ற ஜப்பான் கிட்டார். அமெரிக்க கிட்டாரிஸ்ட் ரை கூடர் அதன் கோல்டு ஃபாயில் என்கிற தங்கநிற பிக்கப்பைத் தன் ஸ்ட்ராட்டில் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) போட்டு வாசித்த பிறகு அதைத் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், விலையும் ஏறிவிட்டது. அதற்கு முன்னால் இதே ஆட்கள் இதை பொம்மை கிட்டார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மதிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே பேசியவர்களின் வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவர் சில வருடங்களுக்கு முன்னால் இதே கிட்டாரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். பெயர் சொல்லமாட்டேன். காபி குடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெயிண்டு மாத்திருக்காங்க தம்பி, இதுக்கு என்ன பெரிசா மதிப்பு" என்று சொல்லி, ஒரு நல்ல செருப்புக்குக்கூடக் காணாத தொகையைக் கேட்டார். அன்றைக்கு மதிப்பில்லாத சில்வர் பெயிண்ட் இன்றைக்கு எப்படிப் பொக்கிஷமானது? நான் சுரண்டிய பிறகுதான் ஆனது போலிருக்கிறது.

இந்தத் தர்க்கத்தின்படி பார்த்தால் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டும் ஒரு சடலம்தான். 1969-ல் செய்த அது தொழிற்சாலையில் சன்பர்ஸ்ட். மேலே கறுப்பு அடித்த நிலையில்தான் அவர் கைக்கே வந்தது. 2019-ல் நியூயார்க் ஏலத்தில் அது போன விலை 39 லட்சத்து 75 ஆயிரம் டாலர். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிஸன் 1967-ல் தன் ஸ்ட்ராட்டின் மேல் தானே கலர் கலராக அடித்தார், மனைவியின் நகப்பூச்சையும் விடவில்லை. அதே குழுவின் ஜான் லெனன் அடுத்த வருடம் தன் எபிஃபோன் காஸினோ கிட்டாரின் பெயிண்ட்டை மரம் தெரியும்வரை சுரண்டினார். கொலை, கொலை, கொலை.

"அவர்கள் மேதைகள், நீ யார்?" என்று கேட்பீர்கள். தெரியும். நான் யாரும் இல்லை. மாதச் சம்பளக்காரன், ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உப்புத்தாள் தேய்க்கிறவன். அதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்றுதான் புரியவில்லை.

'வேலை தெரியாமல் கை வைத்தான்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இதுதான் அதிகம் எரிச்சல் மூட்டியது. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை ஒரு இடத்தில்கூட உலர்வாகத் தேய்க்கவில்லை. பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, ஈரமாகவே சுரண்டி எடுத்தேன். கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி போட்டுக்கொண்டு. மரத்தின் ஓட்டம் பார்த்து 120-ம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 320 வரை தேய்த்து, மரத்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் அடித்து, மறுபடி தேய்த்து, அதன்மேல் கலர், அதன்மேல் லாக்கர். என்ன லாக்கர்? அமெரிக்காவில் 'நைட்ரோ, நைட்ரோ' என்று உருகுகிறார்களே, அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். நம் ஊர் தச்சர்கள் தலைமுறையாகக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடிக்கிற என்.சி. லாக்கர். ஃபெண்டரின் புகழ்பெற்ற கலர்கள் பாதிக்குமேல் டூபான்ட் கம்பெனியின் கார் பெயிண்ட்தான். அதற்கும் எங்கள் தெருமுனை டிங்கரிங் பட்டறைக்கும் ரொம்ப தூரமில்லை.

சென்னையில் லாக்கர் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே பேசியவர்களில் யாருக்காவது தெரியுமா? காற்றில் ஈரம் கூடினால் தின்னர் ஆவியாகிறபோதே மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். அதனால் மழை ஓயும்வரை காத்திருந்து, பிப்ரவரி வெயிலில், மத்தியான நேரத்தில் மட்டும் அடித்தேன். லேசு லேசாக, ஒரு கோட் காய்ந்த பிறகு அடுத்த கோட். பெரம்பூரில் எங்கள் மாடியில் துணி காயப்போடுகிற அக்கா, "தம்பி, உன் கிட்டார் எப்ப எறங்கும், என் புடவை எப்ப ஏறும்?" என்று கேட்பார். அவரிடம்கூட எனக்குக் கோபம் வரவில்லை. கடைசிக் கோட்டுக்குப் பிறகு வாரக்கணக்கில் தொடாமல் தொங்கவிட்டிருந்தேன். லாக்கர் வாசனை முழுக்கப் போனால்தான் தண்ணீர் விட்டு 800, 1200, 2000 என்று தேய்க்க முடியும். அவசரப்பட்டால் சுருங்கும். இதெல்லாம் வேலை தெரியாதவன் செய்கிற காரியமா?

செத்துப்போன பிக்கப்பை மோட்டார் காயில் கட்டுகிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, கொசுவுக்கு மோட்டாரா?" என்றார். கட்டிக் கொடுத்தார். உயிர் வந்தது. 'பழைய காயிலை அப்படியே விட்டிருக்க வேண்டும்' என்றும் ஒரு கமெண்ட் பார்த்தேன். விட்டிருக்கலாம். சத்தம் வராது, அவ்வளவுதானே. கிட்டார் வாசிப்பதற்கு என்று நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று இப்போதாவது புரிகிறதா?

பெயிண்ட் மாறினால் நாதம் மாறிவிடும் என்று சொன்னவர்களுக்குப் பெரிய பதில் இல்லை. கம்பி அதிர்கிறது, பிக்கப்பின் காந்தப் புலம் அசைகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார் அது. வீணைக் குடம் இல்லை.

இந்த வேடிக்கையையும் பாருங்கள். 1995-லிருந்து ஃபெண்டர் புத்தம்புதுக் கிட்டாரைத் தானே கீறி, பெயிண்ட்டைத் தேய்த்து, ஆணியைத் துருப்பிடிக்க வைத்து, 'ரெலிக்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறது. அங்கே என்னைத் திட்டியவர்களில் இரண்டு பேர் வீட்டுச் சுவரில் அது தொங்குவதை நானே படத்தில் பார்த்திருக்கிறேன். வேர்வை சிந்தாத தேய்மானத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கலாம். வேர்வை சிந்தி வாசித்த ஒரு மனிதனின் கிட்டாரை அவர் வீட்டுப் பிள்ளை சரிசெய்தால் கொலை.

'வாசித்தவருக்குச் செய்த அவமானம்' என்று எழுதிய அந்த ஒரு வரிக்குத்தான் நான் நேற்று இரவு தூங்கவில்லை. மற்றதெல்லாம் சும்மா. வாசித்தவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? பெயர் தெரியுமா? அவரைப் போல ஊர் ஊராக வாசித்த எத்தனை பேரின் பெயரை எந்த கேசட் அட்டையில் போட்டார்கள்? பாடியவர் பெயர் இருக்கும், இசையமைத்தவர் பெயர் இருக்கும், கிட்டார் யார் என்று யாருக்கும் தெரியாது. கச்சேரி முடிந்து விடிகாலை பஸ்ஸில் நின்றபடி வந்து, எட்டு மணிக்குப் பணிமனை வாசலில் இருப்பார். கடைசிக் காலத்தில் விரல் மடங்காமல் போனபோது பார்க்க வந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவமானம் பற்றிப் பேசுகிற யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் இருந்தபோது அவரைத் தெரியாது, கிட்டார் பரணில் கிடந்தபோது அதைத் தெரியாது, இப்போது சிவப்பாகப் பளபளக்கிறபோது மட்டும் எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள்.

படங்களை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. இருக்கட்டும். பிக்கார்டுக்கு அடியில் எடுத்த அந்தப் படத்தையும் சேர்த்துப் போட்டால் போதும், பார்க்கிறவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். கமெண்ட் பகுதியைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன். எதிர்த்துப் பேசலாம். பெரியப்பா பற்றி மட்டும் வேண்டாம், பிளாக் செய்வேன்.

அப்புறம், இன்பாக்ஸில் தின்னர் அளவு கேட்ட திண்டுக்கல் தம்பிக்கு: லாக்கரும் தின்னரும் பாதிக்குப் பாதி வைத்து ஆரம்பி, ஸ்ப்ரே துப்பாக்கி முனையில் நூல் நூலாக வந்தால் இன்னும் கொஞ்சம் தின்னர் சேர். சமையலறைப் பக்கம் அடிக்காதே, அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இருக்கக்கூடாது. உன் கிட்டாரின் படத்தைப் பார்த்தேன், பாடியில் பட்டி வேலை இருக்கிறது. இந்த மழை முடியட்டும், தை பிறந்த பிறகு தொடங்கு.