முதல் பீரியடில் காணாமல் போகும் மார்க்

"நல்லாப் படிக்கிறா, ஆனா முதல் பீரியட்ல மட்டும் ஆளே இருக்க மாட்டேங்கிறா." போன பெற்றோர் கூட்டத்தில் என் மகளின் கணக்கு ஆசிரியை சொன்னது இது. அவளுக்குப் பதினைந்து வயது. வீட்டுக்கு வந்து டெஸ்ட் பேப்பரைப் பிரித்துப் பார்த்தேன். முறையெல்லாம் சரி. ஒரு வரியில் 7 என்று எழுதியது அடுத்த வரிக்கு வரும்போது 1 ஆகியிருக்கிறது, கழித்தல் குறி ஒன்று நடுவழியில் காணாமல் போயிருக்கிறது, போச்சு ஆறு மார்க். அன்றைக்கே ராத்திரி பத்து மணிக்கு அதே கணக்கைக் கொடுத்தேன், என்னோடு சண்டை போட்டுக்கொண்டே போட்டு முடித்துவிட்டாள்.

காலையில் அவளைப் பார்க்க வேண்டுமே. மூன்றாவது அலாரத்துக்கு எழுந்து, பல் துலக்கும் பிரஷை வாயில் வைத்தபடி சுவரில் சாய்ந்து இன்னொரு தூக்கம். நானும் "சோம்பேறி", "தூங்குமூஞ்சி" என்று எல்லாம் சொல்லிப் பார்த்தவள்தான், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் ஹைப்போதலாமஸில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. கண் வழியாக வரும் வெளிச்சத்தை வைத்து உடம்புக்கு நேரம் சொல்வது அதுதான். இருட்டியபின், தூங்கும் நேரம் வந்தது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்வதும் அதுவே. பருவ வயதில் இந்தக் கடிகாரம் ஒன்று, இரண்டு மணி நேரம் தாமதமாகிவிடுகிறது. போதாததற்கு, பகல் முழுக்க விழித்திருந்தால் சேர வேண்டிய தூக்கக் களைப்பும் அந்த வயதில் மெதுவாகத்தான் சேர்கிறது. அதனால் ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துப் படுக்க வைத்தால் பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். பதின்வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். படுப்பது தானாகத் தள்ளிப்போகிறது, எழுப்புவதை மட்டும் நாம் தள்ளிப்போட மாட்டோம் என்றால் நடுவில் வெட்டுப்படுவது தூக்கத்தின் கடைசிப் பகுதி. கனவுத் தூக்கம் அதிகம் வருவதே அந்த விடியற்காலை நேரத்தில்தான்.

"எல்லாம் செல்போனால் வந்த வினை" என்று உடனே கமெண்ட் வரும், தெரியும். ராத்திரி வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் தள்ளிவிடும், உண்மைதான், எங்கள் வீட்டிலும் அதற்குத் தினமும் பஞ்சாயத்து நடக்கிறது. ஆனால் பிள்ளைகள் கையில் போனே இல்லாத 1990களிலேயே மேரி கார்ஸ்கேடன் என்ற ஆய்வாளர் இந்தத் தள்ளிப்போதலைப் பருவ மாற்றத்தோடு சேர்த்துக் காட்டிவிட்டார்.

அப்படியானால் பள்ளியைக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கலாமே என்றால், அடுத்த வாதம், "பள்ளியைத் தாமதமாகத் திறந்தால் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள்." நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றினார்கள். முன்னும் பின்னும் மாணவர்கள் கையில் கருவி கட்டி அளந்தார்கள். தினமும் 34 நிமிடம் கூடுதல் தூக்கம். அளந்த உயிரியல் வகுப்புகளில் மார்க்கும் 4.5 சதவீதம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் 2019-இல் சட்டமே போட்டுவிட்டார்கள், 2022-லிருந்து பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அர்ஜென்டினாவில் நடந்த ஆய்வு. அங்கே ஒரு பள்ளியில் காலை, மதியம், மாலை என்று மூன்று ஷிப்ட், யாருக்கு எது என்பது குலுக்கல். ராத்திரி ஆந்தைகள், அதாவது இயல்பாகவே தாமதமாகத் தூங்கித் தாமதமாக எழும் பிள்ளைகள், காலை ஷிப்டில் மாட்டிக்கொண்டால் மார்க் அடிவாங்குகிறது, அதுவும் குறிப்பாகக் கணக்கில். அப்படியானால் முதல் பீரியடில் டெஸ்ட் வைத்து நாம் அளப்பது கணக்கையா, கடிகாரத்தையா?

பேருந்து நேரம், பெற்றோரின் வேலை நேரம் எல்லாம் மாற வேண்டும் என்பதால் பள்ளி நேரம் நாளைக்கே மாறிவிடாது, சரி. டெஸ்டையாவது நகர்த்தலாமே? விடுமுறை நாளில் பதினொரு மணி வரை தூங்கவிட்டால் திங்கள்கிழமை வேறு நாட்டில் விமானம் விட்டு இறங்கிய ஆள் மாதிரி ஆகிவிடுகிறாள் என்று, நான் அன்றைக்கும் ஒன்பதுக்குள் எழுப்பி ஜன்னல் ஓரம் உட்கார வைக்கிறேன், திட்டு வாங்குகிறேன். என் பங்கு அது. ஆசிரியையிடம் கேட்டேன், டெஸ்டை மூன்றாவது பீரியடுக்கு மாற்ற முடியுமா என்று. டைம்டேபிளைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் முதல் பீரியட்ல மூளை ஓடாதுங்க" என்றார்.