வ.உ.சி. சொந்தக் காசில் கப்பல் வாங்கினாரா?

“வ.உ.சி. சொத்தை விற்று, சொந்தக் காசில் இரண்டு கப்பல் வாங்கினார், அதற்காக 40 வருடம் சிறையில் செக்கிழுத்தார்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. செக்கிழுத்தது உண்மை. மற்றவை சரியில்லை.

கப்பல்களை வாங்கியது 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற பங்குக் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். வ.உ.சி. வகித்த பதவி உதவிச் செயலாளர்தான். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். ஃபார்வர்டு செய்பவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள். வ.உ.சி. ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தார். காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தது அப்படித்தான். தூத்துக்குடி–கொழும்பு கட்டணப் போட்டியில் வெள்ளைக்காரக் கம்பெனி இலவசப் பயணம் என்று சொல்லி, குடையும் கொடுத்துப் பார்த்தது!

அப்புறம் அந்த 40 வருடம். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்த இரட்டை ஆயுள் தண்டனையின் கணக்கு அது. மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். அதற்குள் கம்பெனி மூடப்பட்டு, காலியா போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டிருந்தது.

பறிபோன வக்கீல் உரிமம் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி.