சின்னி கிருஷ்ணன் விட்டுப்போனது

அப்பா சொல்லிக்கொடுத்த நேர்மையும் உழைப்பும்தான் ஒரு தொழிலதிபரை உயர்த்தியது என்கிறது அவரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை. சரி, ஆனால் நேர்மையாக இரு, உழை என்று எல்லா அப்பாக்களும்தான் சொல்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் கம்பெனி ஆரம்பிப்பதில்லையே.

ஷாம்பூ முதலான பொருட்களை விற்கும் கவின்கேர் கம்பெனியை ஆரம்பித்த சி.கே. ரங்கநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன் விட்டுப்போனது வெறும் புத்திமதி இல்லை, ஒரு தொழில் யோசனை. கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்குகிற விலையில் பொருள் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்காகவே எப்சம் உப்பு, பவுடர் என்று சின்னச் சின்னப் பாக்கெட்டில் போட்டுப் பார்த்தார். புதிதாகச் செய்யத் தெரிந்த அளவுக்கு மனிதருக்கு விற்கத் தெரியவில்லை.

அங்கேதான் பிள்ளை நுழைகிறார். குடும்பத் தொழிலில் ஒத்துப்போகாமல் வெளியே வந்து, 15,000 ரூபாயை வைத்து 1983-ல் ஆரம்பித்ததுதான் சிக் ஷாம்பூ. (பெயரே அப்பா பெயரிலிருந்து வந்ததுதான்.) எந்த கம்பெனியின் காலி ஷாம்பூ பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார். கொஞ்ச நாளில், சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். இந்தச் சாமர்த்தியம் அப்பாவிடமிருந்து வந்ததாகத் தெரியவில்லை. ஏழையும் வாங்கும்படி 50 காசுக்கு சிக் பாக்கெட் வந்ததில் மட்டும் அப்பா முழுசாக இருக்கிறார்.

அதே வீட்டில் வளர்ந்த சகோதரர்கள் வெல்வெட் ஷாம்பூவோடு வேறு வழியில் போனார்கள். உங்கள் கட்டுரையில் வரும் தொழிலதிபர், தன் அப்பா பேச்சை மீறிய இடமே இல்லையா? அதைக் கேட்டிருக்கலாம்.