"கேஷை அழிச்சுடுங்க"ன்னு பட்டுன்னு சொல்றவங்களுக்கு

விண்டோஸ் லேப்டாப்புக்கும் ஆபீஸ் சர்வருக்கும் ஃபைல் சிங்க் ஆகலை, அதாவது ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல ஆகலைன்னு யாராவது உதவி கேட்டா, உடனே வந்து விழற பதில் ஒண்ணுதான். "கேஷை அழிச்சுடுங்க. ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸோட உள் செட்டிங்ஸ் இருக்கற இடம்) ஃபார்மட்டேட்டாபேஸ்னு ஒரு வேல்யூ சேர்த்து 1 வைங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, சரியாயிடும்." எர்ரர் போயிடும், உண்மைதான். சர்வருக்குப் போய்ச் சேராத வேலை அத்தனையும் அதோட சேர்ந்து போயிடும். அதை ஏங்க சொல்ல மாட்டேங்கறீங்க?

சர்வர் ஃபைலோட பிரதியை லேப்டாப்லயே வச்சு, நெட்வொர்க் இல்லாதப்பவும் வேலை பார்க்க விடற வசதிக்குப் பேரு ஆஃப்லைன் ஃபைல்ஸ். விண்டோஸ் 2000-லயே வந்துட்டது. நெட்வொர்க் இல்லாதப்ப நாம மாத்தற எல்லாமே விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஎஸ்சிங்கற (CSC) கேஷ்ல, அதாவது லேப்டாப்லயே இருக்கற சேமிப்பிடத்துல போய் உட்காருது. சர்வர்ல இருக்கறது பழசு. புதுசு அந்த ஒரு லேப்டாப்ல மட்டும்தான் இருக்கு, வேற எங்கயும் கிடையாது. நீங்க சொல்ற அந்த வேல்யூ அடுத்த ரீஸ்டார்ட்ல அதைச் சுத்தமா துடைச்சிடும். ரீசைக்கிள் பின்ல கூடத் தேட முடியாது.

"நான் நெட்லதானே இருக்கேன், நேரா சர்வர்லதானே சேவ் ஆகுது"ன்னு நம்பறவங்கதான் இதுல அதிகமா மாட்டறாங்க. விபிஎன்ல, அதாவது வெளியில இருந்து நெட் வழியா ஆபீஸ் நெட்வொர்க்குல சேர்ந்து வேலை பார்க்கறவங்க கவனிங்க. நிர்வாகி வேற மாதிரி செட் பண்ணலைன்னா, விண்டோஸ் 7-ல நெட்வொர்க் தாமதம் 80 மில்லிசெகண்டைத் தாண்டினாலும் சரி, விண்டோஸ் 8-ல 35-ஐத் தாண்டினாலும் சரி, அந்த ஷேர் (சர்வர்ல பகிர்ந்து வச்சிருக்கற ஃபோல்டர்) ஸ்லோ லிங்க் மோடுக்கு, அதாவது நெட் இருந்தும் கேஷ்லயே வேலை நடக்கற நிலைக்குப் போயிடும். மெயில் வரும், டிரைவ் திறக்கும், சேவ் ஆச்சுன்னும் காட்டும். சேவ் ஆனது கேஷ்ல! சர்வருக்கு அனுப்பற பின்னணி சிங்க், 7-ல 6 மணி நேரத்துக்கு ஒருதடவை, 8-ல 2 மணி நேரத்துக்கு ஒருதடவை. இவ்வளவு முக்கியமான விஷயத்தை எக்ஸ்ப்ளோரர் எங்க காட்டுது? அடியில ஒரு ஓரத்துல, பொடி எழுத்துல. ஃபோல்டர் மேல பச்சை அடையாளம் இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க. இந்த ஃபோல்டரை ஆஃப்லைன்லயும் வச்சிருக்கேன்னுதான் அதுக்கு அர்த்தம், சர்வருக்கு அனுப்பியாச்சுன்னு இல்ல.

சர்வரை மாத்தும்போதுதான் இது உச்சத்துக்குப் போகும். கேஷ் ஒவ்வொரு ஃபைலையும் சர்வர் பேரோட சேர்த்துத்தான் வச்சிருக்கு. பேர் மாறினா, அனுப்பாம கிடக்கற மாற்றம் எல்லாம் பழைய பேருக்குக் கீழயே அநாதையா நிக்கும். எங்க ஆபீஸ்ல ஒரு அக்காவுக்கு இதேதான் நடந்துச்சு. வெளியூர்ல உட்கார்ந்து ஆண்டறிக்கையைத் திருத்திட்டு வந்தாங்க, அதுக்குள்ள இங்க சர்வர் மாறிடுச்சு. சிங்க் நிலவரத்தைக் காட்டற விண்டோஸோட சிங்க் சென்டர்ல பழைய பேர்ல சிவப்பு எர்ரர். சப்போர்ட்ல இருந்து வந்தவர் ஒரு கேள்வி கேட்கலை. கேஷை ஃபார்மட் பண்ணினார், "பாருங்க மேடம், இப்ப எர்ரரே இல்ல"ன்னார், கிளம்பிட்டார். அக்கா ஃபைலைத் திறந்தா, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இருந்த அறிக்கை. திருத்தின ஒரு வரி கூட இல்ல. அந்தச் சிவப்பு எர்ரர்தான் "இன்னும் அனுப்பாதது இருக்கு"ன்னு கத்திக்கிட்டு இருந்துச்சு. அதோட வாயை அடைச்சுட்டுப் போனதுக்குப் பேரு சர்வீஸா? அவங்க முகத்தைப் பார்த்தவங்க யாரும் "கேஷை அழிச்சுடுங்க"ன்னு இவ்வளவு சுலபமா சொல்ல மாட்டாங்க.

முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, "கடைசியா எப்ப சிங்க் ஆச்சு?" சிங்க் சென்டர்லயே பார்க்கலாம். அடுத்தது வைஃபையை அணைங்க. சிங்க் சென்டர்ல இருக்கற "மேனேஜ் ஆஃப்லைன் ஃபைல்ஸ்" உள்ள போய் "வியூ யுவர் ஆஃப்லைன் ஃபைல்ஸ்" அழுத்துங்க. கேஷ்ல இருக்கறது பழைய சர்வர் பேரோட சேர்த்து அங்க தெரியும். மாத்தின ஃபைல்களை ஒரு பென்டிரைவுக்கு இழுத்துப் போடுங்க. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டுடாதீங்க. நிறைய ஆபீஸ்ல அதையே அதே சர்வருக்குத் திருப்பி விட்டிருப்பாங்க, காப்பியும் அதே கேஷுக்குள்ளதான் போய் விழும். கான்ஃப்ளிக்ட் வந்தா, அதாவது ஒரே ஃபைல் சர்வர்லயும் லேப்டாப்லயும் வேற வேற மாதிரி மாறியிருந்தா, ரெண்டு பிரதியையும் வச்சுக்கங்க, எது சரின்னு ஃபைலுக்குச் சொந்தக்காரர் பார்த்து முடிவு பண்ணட்டும்.

பென்டிரைவுல இருக்கறதை அவங்க திறந்து பார்த்து "ஆமா, இதுதான்"னு சொல்லட்டும். அப்புறம் தாராளமா ஃபார்மட் பண்ணுங்க, அப்ப நானும் அதைத்தான் பண்ணுவேன்.